916 என்று குத்தியிருந்தால் போதுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 'நகை முத்திரை பற்றிக் கேளுங்கள்' என்று ஒரு வரி போட்டதுதான் தாமதம், கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிந்துவிட்டன. பாதிப் பேர் முத்திரையைப் படம் எடுத்தே அனுப்பியிருக்கிறீர்கள், அந்தப் படங்களில் பாதியில் விரல்தான் தெரிகிறது. போகட்டும். அப்பா பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருந்தவர், நான் பட்டறையில் உட்காராமல் நகைக்கடை மேசைக்குப் பின்னால் நின்று காலம் கழித்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அம்மாவின் வளையலில் 916 என்று மட்டும் இருக்கிறது. சென்ற வருடம் சென்னையில் வாங்கிய சங்கிலியில் ஒரு முக்கோணம், 22கே916, பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஆறு. மகளின் மோதிரத்தில் 750. இதில் எது நல்ல தங்கம்?
– வாசகி, பட்டர்வொர்த்

ப: மூன்றும் நல்ல தங்கம்தான் அம்மா, எதில் எவ்வளவு தங்கம் என்பதில்தான் வித்தியாசம். அந்த மூன்று இலக்கமும் ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்று சொல்வது, அவ்வளவுதான். 24 காரட் என்றால் முழுத் தங்கம், 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666 என்று போய்க்கொண்டே இருக்கும், அதை மூன்று இலக்கத்தோடு வெட்டினால் 916. ஆக 10 கிராம் வளையலில் 9.16 கிராம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். அதைக் கலக்காமல் செய்தால் வளையல் கையிலேயே நெளிந்துவிடும். 750 என்பது 18 காரட், நாலில் மூன்று பங்கு தங்கம், கல் பதித்த மோதிரத்துக்கு அந்த உறுதி தேவைப்படுகிறது, 916-ல் வைரத்தைப் பதித்தால் கல்லைப் பிடித்திருக்கும் பல் வளைந்து கல் எங்கேயாவது விழுந்துவிடும் என்று பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னும் சில எண்கள் கண்ணில் படும். சீனர் கடைகளில் அதிகம் தெரிவது 999, அது 24 காரட். பழைய மலாய் நகைகளில் 835, அது 20 காரட் சுமார். 950 என்றும் இருக்கும். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கொண்டுவருவது 875, அதாவது 21 காரட். 585-ம் 375-ம் வெள்ளைக்காரர் நகையில், 14-ம் 9-ம். நாம் 'பவுன்' என்று சொல்கிறோமே, அந்த ஆங்கிலேயப் பொற்காசும் 22 காரட்தான், எடை 7.98 கிராம், அதைத்தான் 8 கிராம் என்று முழுமையாக்கிவிட்டோம். பாட்டியின் காசுமாலைக்கும் உங்கள் அம்மாவின் வளையலுக்கும் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், ஒன்றுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வளையலில் 916 என்று குத்தியது யார்? செய்தவரோ விற்றவரோதான். மலேசியாவில் அப்படித்தான். விலைமதிப்புள்ள உலோகங்களுக்கென்று 1994-ல் வந்த விதிமுறைகள் இருக்கின்றன, தரத்தைக் குறிக்க வேண்டும், பொய்யாகக் குறித்தால் குற்றம், ஆனால் ஒவ்வொரு நகையையும் மூன்றாவது ஆள் ஒருவர் சோதித்துக் குத்த வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. சென்னைச் சங்கிலி அப்படியில்லை. அந்த முக்கோணம் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சின்னம், கடைக்காரர் நகையைச் சோதனை மையத்துக்கு அனுப்பி, அவர்கள் சோதித்து, அவர்களே குத்துகிறார்கள். ஆறு எழுத்து எண் அந்த ஒரு நகைக்கு மட்டும் உரியது, உலகத்தில் வேறு நகைக்கு அது வராது. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் அங்கே விற்கக்கூடாது. 2 கிராமுக்குக் குறைவான மூக்குத்தி மாதிரிச் சின்ன நகைகளுக்கு விலக்கு உண்டு, அதனால் மூக்குத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

அந்த ஆறு எழுத்தைப் பினாங்கில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். அந்த அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் போட்டால் எந்தக் கடை, எந்தச் சோதனை மையம், எந்தத் தேதி, என்ன வகை நகை, எத்தனை காரட் என்று வரும். 'என்ன வகை' என்பதைக் கவனியுங்கள். திரையில் மோதிரம் என்று வந்து உங்கள் கையில் சங்கிலி இருந்தால், யாரோ வேறொரு நகையின் எண்ணைத் தூக்கி இதில் குத்தியிருக்கிறார்கள்.

கே: அண்ணே, ஆன்லைனில் 916 வளையல் ஜோடி 89 ரிங்கிட் என்று போட்டிருந்தான், வாங்கிவிட்டேன். உள்ளே தெளிவாக 916 சாப்பு இருக்கிறது. அவசரத்துக்கு அடகுக்கடையில் கொண்டுபோனால் கையில் வாங்கிய உடனே திருப்பிக் கொடுத்துவிட்டான். சட்டப்படி முத்திரை இருக்கிறதே?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

ப: தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், 89 ரிங்கிட்டுக்கு ஒரு ஜோடித் தங்க வளையல் கொடுக்க அவன் உங்களுக்கு மாமனா மச்சானா?

அது முலாம். இங்கே 'எமாஸ் பேங்காக்', 'எமாஸ் கொரியா' என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தட்டு தட்டாக வைத்திருக்கிறார்களே, அந்த வகை. அதை முலாம் என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாம், திருடன் பயம் இல்லை. அதில் 916 என்று குத்துவதுதான் அயோக்கியத்தனம்.

முத்திரை எப்படி விழுகிறது என்று பார்த்திருந்தால் அதை இவ்வளவு நம்பியிருக்க மாட்டீர்கள். அப்பாவின் பெட்டியில் ஒரு உளி இருந்தது, சுண்டுவிரல் நீளம், முனையில் கண்ணாடி எழுத்தாகத் தலைகீழாக 916. வளையலை இரும்புத் தண்டில் மாட்டி, உளியை நட்டுக்கு வைத்து, சுத்தியால் ஒரே தட்டு. இரண்டாவது தட்டுத் தட்டினால் எழுத்து இரட்டையாகிவிடும், அப்பாவிடம் குட்டு விழும். ஐந்து வயதில் நான் அந்த உளியை எடுத்து அம்மாவின் அலுமினிய டம்ளரில் குத்தினேன். டம்ளரும் 916 ஆனது. இப்போது லேசரில் எழுதுகிறார்கள், இன்னும் சுலபம்.

அடகுக்கடைக்காரர் கையில் வாங்கிய உடனே திருப்பிக் கொடுத்தார் என்கிறீர்களே, அவர் முத்திரையைப் பார்த்திருக்கவே மாட்டார், கனத்தைப் பார்த்திருப்பார். தங்கம் கனம். 22 காரட் தங்கம் அதே அளவுத் தண்ணீரைவிடப் பதினேழரை மடங்குக்கு மேல் எடை, பித்தளை எட்டரை மடங்குதான். தினம் நூறு நகை வாங்கி வைக்கிற கைக்கு அது தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையை வீட்டிலும் செய்யலாம், ஆனால் உள்ளே பொள்ளலாக இல்லாத, கல்லும் அரக்கும் இல்லாத நகைக்கு மட்டும். கிராமில் இரண்டு தசமம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் வளையலை எடை போடுங்கள், 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு கிளாஸ் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, வளையலை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். திரையில் 1.36 பக்கம் வந்தால் சந்தோஷப்படலாம், 24-ஐ 1.36-ஆல் வகுத்தால் 17.6. வெள்ளியாக இருந்தால் 2.3 காட்டும், பித்தளை 2.8-ஐத் தொடும். உங்களுடையது 2.8 பக்கம்தான் இருக்கும், எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அடுத்த தடவை ஏமாற மாட்டீர்கள்.

முலாம் நகையில் யோக்கியமாகக் குத்துகிறவர்களும் உண்டு. '18கே ஜி.பி.' என்று இருந்தால் மேலே 18 காரட் முலாம், 'ஜி.எஃப்.' என்றால் தகடு போர்த்தியது. 925 என்று இருந்தால் அது வெள்ளி, 916-ஐவிட எண் பெரிதாக இருக்கிறதே என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார், அவருக்கும் இதுவே பதில்.

கே: எங்கள் தாலிக்கொடி 1996-ல் எடுத்தது. கொக்கி பக்கத்தில் கே.டி.எம். என்று இருக்கிறது. இப்போது கடையில் 'கே.டி.எம். செல்லாது' என்கிறார்கள். தாலி சமாச்சாரம் என்பதால் மனசு கலங்கிவிட்டது.
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

ப: கலங்க வேண்டாம். உங்கள் கொடியில் இருப்பது தங்கம்தான், 'செல்லாது' என்று சொன்னவர் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார்.

நகையில் துண்டுக்குத் துண்டு ஒட்ட வேண்டும் இல்லையா, அதற்குப் பற்றாசு வேண்டும், அது நகைத் தங்கத்தைவிடச் சீக்கிரம் உருக வேண்டும், இல்லாவிட்டால் நகையே உருகிவிடும். பழைய ஆசாரிகள் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்த்து அரத்தால் ராவிப் பொடியாக்கி, வெங்காரம் தொட்டு, இணைப்பில் அந்தப் பொடியை வைத்து ஊதுகுழலால் ஊதுவார்கள். 'பொடி வைத்து ஊதுகிறான்' என்று நாம் ஆளைச் சொல்கிறோமே, அது பட்டறையில் பிறந்த பேச்சு. அந்தப் பொடியில் தங்கம் கம்மி. ஆகவே முழுக்க 22 காரட் கம்பி எடுத்துச் செய்த சங்கிலியானாலும், நூறு கண்ணி ஒட்டியிருந்தால், உருக்கும்போது மொத்த மாற்று கீழே இறங்கிவிடும். பழைய நகையை அழிக்கும்போது 'என்ன இவ்வளவு குறைகிறது' என்று பாட்டிமார் ஆசாரியைச் சந்தேகப்பட்ட கதைகளில் பாதிக்கு இதுதான் காரணம். (மீதிப் பாதிக்கு ஆசாரிதான் காரணம், அப்பாவே ஒத்துக்கொள்வார்.)

அப்புறம் காட்மியம் வந்தது. 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்தால் பற்றாசிலும் தங்கம் குறையவில்லை, காட்மியம் 321 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் ஒட்டவும் சுலபம். உருக்கினாலும் மாற்று குறையாது என்று பெருமையாகக் குத்திய எழுத்துதான் கே.டி.எம். ஆக அது எந்தப் பற்றாசு என்று சொல்வது, எத்தனை காரட் என்பதற்கு யாரும் தந்த சான்று இல்லை. அதன் புகை பொல்லாதது, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், போட்டுக்கொள்கிறவரைவிட ஊதுகிற ஆசாரிக்குத்தான் முழு ஆபத்தும். அதனால்தான் இந்தியாவில் அதை ஒதுக்கிவிட்டார்கள், இப்போது துத்தநாகம் போன்றவை கலந்த பற்றாசு.

தாலிக்கொடியை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் தங்கத்தைச் சோதிக்கும் எக்ஸ்ரே இயந்திரம் உள்ள கடையில் ஒரு தடவை காட்டி எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள், அங்கேயே நின்று பாருங்கள். கே.டி.எம். என்று சொல்லி விலையைக் குறைத்து வாங்கப் பார்க்கிற கடையில் விற்கவே விற்காதீர்கள்.

கே: பாட்டியின் அட்டிகை. முத்திரையே இல்லை. அப்படியானால் கவரிங்கா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

ப: முத்திரை இல்லாதது தங்கம் இல்லை என்றால் நம் பாட்டிமார் யாருமே தங்கம் போட்டதில்லை என்றாகிவிடும். அன்றைக்கு ஆசாரியின் முகம்தான் முத்திரை. எந்தத் தெரு, யார் மகன் என்று தெரிந்துதான் கொடுத்தார்கள், அப்புறமும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உரைகல்லில் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் கண் தெரிந்த ஆளிடம். அப்பா செய்வது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கறுப்புக் கல்லை வேட்டியில் துடைப்பார், நகையின் மறைவான ஓரத்தை ஒரு இழு இழுப்பார், பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டு கோட்டின் நிறத்தையும் வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவே மாட்டார். அப்புறம் ஒரு சொட்டுத் திராவகம், எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார். முடிந்ததும் மெழுகு உருண்டையால் கல்லை ஒற்றி எடுப்பார், கோட்டில் ஒட்டிய தங்கம் மெழுகுக்குப் போய்விடும். வருடக் கடைசியில் அந்த உருண்டையை எரித்தால் ஒரு குந்துமணி தேறும், அது எங்கள் தீபாவளிப் பட்டாசுக்கு.

இப்போது எக்ஸ்ரே இயந்திரம் வந்துவிட்டது, நகையைப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தங்கம் இத்தனை, வெள்ளி இத்தனை என்று எண் வரும், நகைக்கும் கீறல் இல்லை. ஆனால் அது பார்ப்பது மேல் தோலை மட்டும்தான், தலைமுடி தடிமன்கூட உள்ளே போகாது. கனமான முலாமும் அதற்குத் தங்கமாகத் தெரியலாம். அதனால் கொக்கியில் ஒன்று, பதக்கத்தின் பின்பக்கம் ஒன்று, கண்ணியில் ஒன்று என்று மூன்று இடத்திலாவது பார்க்கச் சொல்லுங்கள், எண்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் காரணம் கேளுங்கள். முழு உண்மை வேண்டும் என்றால் கொஞ்சம் வெட்டி எடுத்து ஈயத்தோடு நெருப்பில் வைத்துப் பிரித்துப் பார்க்கும் முறைதான், அதற்கு அட்டிகையைப் பலி கொடுக்க வேண்டும், வேண்டாம்.

இன்னொன்று. பழைய அட்டிகைக்குள் அரக்கு இருக்கும், சிவப்புக் கல்லும் இருக்கும். 40 கிராம் எடை நின்றால் 40 கிராமும் தங்கம் என்று கணக்குப் போட்டு அண்ணன் தம்பிக்குள் சண்டை போடாதீர்கள்.

கே: 916 என்றுதான் வாங்கினேன், ரசீதிலும் 916. விற்கப் போனால் வேறு கடையில் குறைத்துச் சொல்கிறார்கள். யாரிடம் முறையிடுவது?
– வாசகி, செராஸ், கோலாலம்பூர்

ப: முதலில் அவர்கள் குறைத்தது எதை என்று கேளுங்கள். தரத்தையா, எடையையா, விலையையா? மூன்றும் வேறு வேறு. வாங்கும்போது நீங்கள் கொடுத்த செய்கூலி திரும்பி வராது, கடைக்காரர் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் இடைவெளி வைப்பார், இதெல்லாம் ஏமாற்று இல்லை, வியாபாரம். 'இது 916 இல்லை, 880-தான் காட்டுகிறது' என்று சொன்னால்தான் விவகாரம்.

அப்படியென்றால் ரசீதோடு வாங்கிய கடைக்கே போங்கள். ரசீதில் தரம், எடை, அன்றைய கிராம் விலை, கூலி, கல் இருந்தால் கல்லின் எடை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். எனக்கும் ஒரு தடவை அடி விழுந்தது, நகைக்கடையில் வேலை பார்த்த எனக்கே. தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வெளியே ஒரு கடையில் ஜிமிக்கி எடுத்தேன், முத்திரை சரியாக இருந்தது, சந்தோஷமாக வந்துவிட்டேன். ரசீதில் 'ஜிமிக்கி ஒரு ஜோடி' என்று ஒரே எடை. மூன்று வருடம் கழித்துக் கல்லைக் கழற்றி எடை போட்டால் கிட்டத்தட்ட ஒன்றரை கிராம் கல். கண்ணாடிக் கல்லுக்குத் தங்க விலை கொடுத்திருக்கிறேன். முத்திரை பொய் சொல்லவில்லை, தங்கம் 916-தான், நான்தான் கல்லைத் தங்கமாக வாங்கியிருக்கிறேன்.

ரசீதை வாங்கிய அன்றே நகல் எடுத்து வையுங்கள். இப்போது பல கடைகளில் சூட்டில் அச்சடிக்கும் தாள், நம் ஊர் வெயிலுக்கு இரண்டு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், அப்புறம் வெள்ளைத் தாளைக் காட்டி எப்படி வாதாடுவது?

கடை ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யலாம். பணம் திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம், கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். பினாங்கு ஆட்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். வாங்குவதற்கு முன்னால் 'இதையே நாளைக்குக் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்' என்று கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். அவர் இழுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள், லெபோ அம்பாங்கிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் கடைக்கா பஞ்சம்?

கே: காந்தம் வைத்தால் ஒட்டக்கூடாது என்கிறார்கள். என் சங்கிலி கொக்கியில் மட்டும் ஒட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

ப: இல்லை. கொக்கிக்குள் எஃகுச் சுருள் இருக்கும், அது இல்லாமல் கொக்கி திரும்பி மூடாது. சங்கிலி முழுக்க ஒட்டினால்தான் பிரச்சினை. செம்பு, பித்தளை, வெள்ளி எதிலும் காந்தம் ஒட்டாது என்பதால் ஒட்டவில்லை என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். பல்லால் கடித்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள், பல் வைத்தியர் கட்டணம் கூடிவிட்டது.

கே: 916 மோதிரம், திடீரென்று வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தங்கம் வெளுக்குமா? கடையில் மோசம் செய்துவிட்டார்களா?
– வாசகி, கெப்போங், கோலாலம்பூர்

ப: தங்கச்சி, கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறீர்கள் என்று பாருங்கள். தங்கத்தில் பாதரசம் பட்டால் உடனே ஒட்டிக்கொண்டு வெள்ளையாகும், 999 ஆனாலும் விடாது. முகம் வெளுக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சுகாதார அமைச்சு பெயர் போட்டே எச்சரித்திருக்கிறது. உடைந்த பழைய காய்ச்சல்மானியைத் தொட்டிருந்தாலும் இப்படி ஆகும். சூடு காட்டினால் வெள்ளை போய்விடும் என்று யாராவது சொல்வார்கள், போகும்தான், ஆனால் அந்த ஆவி உங்கள் நுரையீரலுக்குள் போகும், அடுப்பில் வைத்துவிடாதீர்கள். மோதிரத்தைச் சின்ன டப்பாவில் மூடி, விஷயத்தைச் சொல்லிப் பட்டறையில் கொடுங்கள். அந்தக் கிரீமை இன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மோதிரத்தில் இவ்வளவு ஏறியிருந்தால் தோலுக்குள் எவ்வளவு போயிருக்கும்?